பில்ட் வெற்றி, 540 கட்டுரைகள் மாயம்: ஹெட்லெஸ் சிஎம்எஸ்ஸுக்கு மாறிய ஒரு தளத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு தமிழ்க் கட்டுரைத் தளம். ஒன்பது ஆண்டுகள், தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ஓடியது. மாற்றம் தொடங்கிய நாளில் வெளியாகியிருந்த கட்டுரைகள் 1,140, படங்கள் ஏறத்தாழ 2,600. ஆசிரியர் குழுவில் மூன்று பேர். நிரலர்கள் இருவர், இருவருமே பகுதி நேரம்.

பழைய அமைப்பில் 27 ப்ளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) இருந்தன. அவற்றில் பாதியை யார், எதற்காகச் சேர்த்தார்கள் என்பது எவருக்கும் நினைவில்லை. ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று படுத்துவிடும் என்ற பயத்தில் புதுப்பிப்புகள் மாதக்கணக்கில் தேங்கின. உள்நுழைவுப் பக்கம் பொதுவெளியில் இருந்ததால் கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் நாள் முழுக்கப் பதிவாகிக்கொண்டிருந்தன. ஒரு கட்டுரை பரவலாகப் பகிரப்படும் நாளில் தரவுத்தளம் திணறித் தளமே நின்றுபோகும்.

திணறலுக்கு மட்டும் மருந்து தேடியிருந்தால் முழுப்பக்க கேஷ் (உருவான பக்கத்தைச் சேமித்து வைத்து மீண்டும் தருவது) ஒன்றே போதுமாக இருந்திருக்கும். அதைக் குழுவும் ஒப்புக்கொண்டது. பக்கங்களை முன்கூட்டியே கோப்புகளாக உருவாக்கி வைக்கும் ஸ்டாட்டிக் தளத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் வேகமல்ல, பராமரிப்புச் சுமை. வாசகர் பார்ப்பது வெறும் எச்டிஎம்எல் கோப்புகள் என்றால், எழுதும் இடத்தைத் தனி சர்வரில் வைத்து, ஆசிரியர்களுக்கும் அந்தக் கோப்புகளை உருவாக்கும் பில்ட் இயந்திரத்துக்கும் மட்டும் திறந்துவிடலாம். இப்படி வாசகருக்குப் பக்கம் காட்டும் வேலை இல்லாமல் உள்ளடக்கத்தை மட்டும் வைத்திருக்கும் மேலாண்மை அமைப்புதான் ஹெட்லெஸ் சிஎம்எஸ்.

கருவித் தேர்வு

கட்டுரைகளை மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் கோப்புகளாக, நிரலை வைக்கும் கிட் களஞ்சியத்திலேயே வைப்பது முதல் யோசனை. 2,600 படங்களும் களஞ்சியத்துக்குள் வந்து சேரும் என்பதால் கைவிடப்பட்டது. கட்டணச் சேவையாகக் கிடைக்கும் ஹெட்லெஸ் சிஎம்எஸ்களில் பயனர் எண்ணிக்கைக்கும் பதிவு எண்ணிக்கைக்கும் வரம்புகள் உண்டு என்பதால் அதுவும் ஒதுக்கப்பட்டது. முடிவில் திறமூலக் கருவியான ஸ்ட்ராபியின் 5ஆம் பதிப்பைச் சொந்த சர்வரில் நிறுவினார்கள். தளத்தை உருவாக்க ஆஸ்ட்ரோ என்ற கருவி. அதே வேலையைச் செய்யும் ஹூகோ இதைவிட வேகமானது. ஆனால் நிரலர்கள் இருவருக்கும் கைப்பழக்கம் ஜாவாஸ்கிரிப்ட்தான். மூன்று பேர் எழுதும் தளத்தில் பில்ட் வேகத்தைவிட, பழுது வந்தால் யார் பார்ப்பது என்பதே பெரிய கேள்வி.

பழைய உள்ளடக்கத்தை இறக்கியபோது

முதல் முயற்சியில் வேர்ட்பிரஸ் தரவுத்தளத்திலிருந்து கட்டுரை உடலை நேரடியாக எடுத்தார்கள். பழைய கட்டுரைகள் எல்லாம் பத்தியே இல்லாமல் ஒரே கட்டியாக வந்தன. பழைய எடிட்டரில் எழுதியவற்றுக்குப் பத்திக் குறிச்சொற்கள் தரவுத்தளத்தில் இருப்பதில்லை. அங்கே இருப்பவை வெற்று வரிகள்தான். பக்கத்தைக் காட்டும் நேரத்தில் வேர்ட்பிரஸ் அவற்றைப் பத்தியாக மாற்றுகிறது. எனவே தரவுத்தளத்தை விட்டு, ஏபிஐ (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் இடைமுகம்) வழியாக ‘காட்சிக்குத் தயாரான’ வடிவத்தை எடுத்தார்கள். ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 100 கட்டுரைகள். இதனால் சதுர அடைப்புக்குறிச் சுருக்குக் குறியீடுகளும் விரிந்த வடிவிலேயே கிடைத்தன. ப்ளகின்களை நீக்குவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். நீக்கிவிட்டால் சுருக்குக் குறியீடுகள் விரியாமல் அப்படியே எழுத்தாக வந்து நிற்கும்.

படங்களின் முகவரியிலும் ஒரு சிக்கல் இருந்தது. கோப்புப் பெயரின் கடைசியில் 300 பெருக்கல் 200 போன்ற அளவு ஒட்டு இருந்தால் அது சிறிய நகல், ஒட்டை நீக்கினால் மூலப்படம் கிடைக்கும் என்ற விதியில் நிரல் எழுதப்பட்டது. ஆனால் யாரோ முன்பே சிறிய நகலை இறக்கி, அதையே மூலப்படமாக மீண்டும் ஏற்றியிருந்த இடங்களில் இந்த விதி பொய்த்தது. ஒட்டை நீக்கிய கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று முதலில் சோதித்து, இல்லையென்றால் ஒட்டோடு எடுக்கும்படி மாற்றினார்கள். வேர்ட்பிரஸ் 5.3 முதல் 2,560 பிக்சலைத் தாண்டும் படங்களுக்கு ‘ஸ்கேல்ட்’ என்ற ஒட்டும் சேர்கிறது. அதற்கும் இதே சோதனைதான்.

1,140 கட்டுரைகளையும் ஸ்ட்ராபியின் பிளாக் வடிவத்துக்கு (உள்ளடக்கத்தைத் துண்டுதுண்டாக வைக்கும் முறை) மாற்றும் எண்ணம் இரண்டு நாளில் கைவிடப்பட்டது. அட்டவணைகளும் உள்ளமைந்த வீடியோக்களும் மாற்றத்தில் சிதைந்தன. பழைய கட்டுரைகளுக்குச் சுத்தம் செய்த எச்டிஎம்எல் ஒரு புலத்தில், புதியவற்றுக்குப் பிளாக் இன்னொரு புலத்தில், எது நிரம்பியிருக்கிறதோ அதை வார்ப்புரு காட்டும் என்று வைத்தார்கள். பார்க்க அழகான ஏற்பாடல்ல. ஆனால் இதுவரை தொல்லை தந்ததில்லை.

தமிழ் முகவரிகள்

தமிழில் தளம் நடத்துபவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிப்பது நல்லது. இங்கே போன நேரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

வேர்ட்பிரஸ் முகவரிச் சொல்லை, அதாவது ஸ்லக்கை, சதவீதக் குறியீட்டு வடிவில் 200 எழுத்துக்குள் வெட்டிவிடும். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் மூன்று பைட். சதவீதக் குறியீட்டில் ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியும் இரண்டு எழுத்துமாக ஆவதால் ஒன்பது எழுத்து. ஆக ஏறத்தாழ 22 குறியீடுகளுக்குமேல் தங்காது. மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும்கூடத் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மூன்று சொற்களிலேயே முகவரி முறிந்துவிடும். தலைப்பிலிருந்து ஸ்லக்கைப் புதிதாக உருவாக்கினால் பழைய முகவரியோடு பொருந்தவே பொருந்தாது. முறிந்தது முறிந்தபடியே பழைய ஸ்லக்கை ஒவ்வொரு கட்டுரையோடும் கொண்டுவந்தார்கள்.

அதை வைக்க ஸ்ட்ராபியின் முகவரிக்கான பிரத்யேகப் புலம் உதவவில்லை. ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறெதையும் அது ஏற்காது. சாதாரண எழுத்துப் புலம் ஒன்றை எடுத்து, ‘தனித்துவமானது’ என்ற கட்டுப்பாட்டை வைத்து ஸ்லக்காகப் பயன்படுத்தினார்கள்.

புதிய கட்டுரைகளுக்கு ஸ்லக் ஆக்கும் செயற்கூறின் முதல் வடிவம் ‘எழுத்தும் எண்ணும் தவிர எல்லாவற்றையும் நீக்கு’ என்றிருந்தது. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்து வகையில் இல்லை, ‘குறி’ என்ற தனி வகையில் இருக்கின்றன. விளைவு: ‘கட்டுரை’ என்பது ‘கடடர’ ஆயிற்று. குறி வகையையும் அனுமதித்ததும் சரியானது. சோதனைத் தளத்திலேயே இது கண்ணில் பட்டது. ஆங்கிலத் தலைப்புகளை வைத்து மட்டும் சோதித்திருந்தால் தப்பியிருக்கும்.

இன்னும் இரண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. லினக்ஸ் கோப்பமைப்புக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள், ஆகவே லிங்க் 404இல் (‘பக்கம் இல்லை’ என்ற பிழை) போய் முட்டும். எல்லா ஸ்லக்குகளையும் உள்ளக லிங்குகளையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தபின் இது தீர்ந்தது. அடுத்தது நீளம்: லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான், தமிழில் 85 குறியீடு. அதைத் தாண்டிய ஒரு தலைப்பு பில்டை நிறுத்தியது. சிஎம்எஸ் புலத்திலேயே 60 குறியீடு என்று வரம்பு வைத்தார்கள்.

பில்டும் படங்களும்

கேஷ் இல்லாத முதல் பில்டுக்கு 41 நிமிடம் ஆனது. பெரும்பகுதி படங்களை இறக்கி மூன்று அளவுகளில் மாற்றியதில் போனது. ஆஸ்ட்ரோ மாற்றிய படங்களைக் கேஷில் வைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு பில்டும் புதிய இயந்திரத்தில் தொடங்குவதால் அந்தக் கோப்புறையைச் சேமித்து அடுத்த பில்டுக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுத்ததும் 5 நிமிடமாகக் குறைந்தது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற பில்ட் ஓட்டும் சேவை 7 நாள் தொடாத கேஷை நீக்கிவிடும் என்பதால் நீண்ட விடுப்புக்குப் பின் வரும் முதல் பில்டு மட்டும் மறுபடி இழுக்கும்.

சிஎம்எஸ்ஸில் ஏதாவது நடந்தால் பில்டைத் தூண்டும் வெப்ஹூக்கில் முதலில் எல்லா நிகழ்வுகளையும் டிக் செய்திருந்தார்கள். வரைவை ஒருமுறை சேமித்தால் ஒரு பில்ட், படம் ஒன்றை ஏற்றினால் ஒரு பில்ட். ‘வெளியிடு’, ‘வெளியீட்டை நீக்கு’ இரண்டை மட்டும் வைத்ததும் வரிசை குறைந்தது. புதிய கோரிக்கை வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பில்டை ரத்து செய்யும் அமைப்பையும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மாலையில் ஆசிரியர்கள் நான்கு நிமிடத்துக்கு ஒன்றாக வெளியிட்டுக்கொண்டே இருந்ததால் எந்தப் பில்டும் முடியவில்லை. ஓடுவதை முடியவிட்டு, காத்திருப்பதில் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள்.

பின்னொரு நேரத்தில் வெளியாகும்படி குறித்துவைத்த கட்டுரை அந்த நேரத்தில் தானாக வராது, பில்ட் ஓடினால்தான் வரும். இதற்கு அரை மணிக்கு ஒருமுறை ஓடும் நேரக்கட்டளை வைத்தார்கள்; நேரம் வந்த கட்டுரை இருந்தால் மட்டும் அது பில்டைத் தொடங்கும். கிட்ஹப்பில் நேரக்கட்டளை இயல்பாக யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடும். மணி தொடங்கும் நிமிடத்தில் நெரிசலால் தாமதமாகும் என்பதால் 7ஆவது, 37ஆவது நிமிடங்கள் தேர்வாயின. பொதுக் களஞ்சியமாக இருந்தால் 60 நாள் அசைவில்லாதபோது நேரக்கட்டளை தானே நின்றுவிடும். எழுத்தெல்லாம் சிஎம்எஸ்ஸில் நடக்கும் தளத்தில் கிட்டில் அசைவே இராது என்பதால் களஞ்சியத்தைப் பொதுவில் தெரியாத தனிக் களஞ்சியமாக மாற்றினார்கள்.

11ஆம் நாள் இரவு

தளம் மாறிப் பதினோராம் நாள். 21:40க்கு ஆசிரியர் ஒருவர் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வெப்ஹூக் பில்டைத் தொடங்கியது. அவரே அடுத்த படக்கட்டுரைக்காக 34 புகைப்படங்களை ஒரே தடவையில் ஏற்றத் தொடங்கினார். ஸ்ட்ராபி ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளில் நகல் எடுக்கும். சர்வரின் நினைவகம் 1 ஜிபி. நினைவகம் தீர்ந்து இயங்குதளம் ஸ்ட்ராபியைக் கொன்றது. கண்காணிப்பு நிரல் மீண்டும் எழுப்பியது. இடைப்பட்ட அரை நிமிடத்தில் வந்த கோரிக்கைகளுக்குக் கிடைத்த பதில் 502, அதாவது சர்வர் பிழை.

பில்ட் அப்போது கட்டுரைப் பட்டியலின் ஏழாவது பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டியலை வாங்கும் செயற்கூறு, பிழை வந்தால் வெற்றுப் பட்டியலைத் திருப்பும்படி எழுதப்பட்டிருந்தது. அதை அழைக்கும் சுழற்சியோ, வெற்றுப் பட்டியல் வந்தால் கடைசிப் பக்கம் வந்துவிட்டது என்று பொருள்கொண்டது. பக்கத்துக்கு 100 வீதம் ஆறு பக்கம், 600 கட்டுரைகள். பில்ட் பிழையின்றி முடிந்தது. 21:46க்கு டிப்ளாய் ஆனது, அதாவது புதிய பில்ட் வாசகர் பார்க்கும் தளமாயிற்று.

தரவுத்தளத்தில் ஓடும் தளத்தில் ஒரு கேள்வி தவறினால் ஒருவருக்கு ஒரு பக்கம் தவறும், புதுப்பித்தால் வரும். ஸ்டாட்டிக் தளத்தில் ஒவ்வொரு டிப்ளாயும் முழுத் தளத்தையே மாற்றி வைக்கிறது. பட்டியலில் வராத கட்டுரை அழிக்கப்பட்ட கட்டுரைக்குச் சமம். தளவரைபடமும் தேடல் அட்டவணையும் அதே பட்டியலிலிருந்து உருவானவை என்பதால் அவையும் 600ஆகச் சுருங்கித் தமக்குள் முரணில்லாமல் இருந்தன. உள்ளே எதைச் சோதித்தாலும் சரி என்றே வந்திருக்கும்.

பட்டியல் கடைசியாகத் திருத்திய நேரப்படி இறங்குவரிசையில் வாங்கப்பட்டதால் தொலைந்தவை பழைய கட்டுரைகள், ஏறத்தாழ 540. முகப்பும் அண்மைக் கட்டுரைகளும் ஒழுங்காக இருந்தன. மறுநாள் 7:15க்கு, பழைய கட்டுரை ஒன்றைத் தேடிய வாசகர் எழுதிய பிறகே தெரிந்தது. 7:22க்கு முந்தைய டிப்ளாய்க்குத் திரும்பினார்கள். 9 மணி 36 நிமிடம் அந்த முகவரிகள் எல்லாம் 404 தந்திருந்தன.

காரணத்தைத் தோண்டியபோது

பழுது தெரிந்த அன்றே சர்வர் நினைவகத்தை 4 ஜிபி ஆக்கினார்கள். அது தூண்டுதலை மட்டுமே நீக்கும். ஏபிஐ என்றைக்காவது 502 தரத்தான் செய்யும், நெரிசலில் ‘கோரிக்கைகள் அதிகம்’ என்ற 429 தரும், பதிலே தராமலும் போகும். பிழை வெற்றுப் பட்டியலாக உருமாறிய அந்த ஒரு வரிதான் வேர். வார்ப்புரு எழுதத் தொடங்கிய நாட்களில், சிஎம்எஸ் இல்லாமலும் பக்கம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தற்காலிகமாகச் சேர்த்த வரி அது.

பதிவுகளைப் படித்தபோது இன்னொன்று வெளிப்பட்டது. முதல் வாரத்தில் திருத்திய கட்டுரை ஒன்று சில நிமிடம் காணாமல் போய் அடுத்த பில்டில் திரும்பியிருந்தது. ‘கேஷாக இருக்கும்’ என்று விட்டிருந்தார்கள். கேஷுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பில்ட் இரண்டு பக்கங்களை வாங்கி முடித்த நேரத்தில், 250ஆம் இடத்திலிருந்த கட்டுரையை ஆசிரியர் திருத்தி வெளியிட்டார். வரிசை திருத்த நேரப்படி என்பதால் அது முதலிடத்துக்குத் தாவியது. முதல் பக்கம் ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டது. மூன்றாம் பக்கத்தில் அது இப்போது இல்லை. 200ஆம் இடத்திலிருந்த கட்டுரை 201க்கு நகர்ந்து பட்டியலில் இருமுறை வந்தது. மொத்த எண்ணிக்கை மட்டும் சரியாகவே இருந்தது. எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

செய்த மாற்றங்கள்

பிழை வந்தால் 2, 4, 8 நொடி இடைவெளியில் மூன்று முறை மீண்டும் கேட்கும். அப்போதும் வராவிட்டால் பில்ட் தோல்வி. பழைய தளம் அப்படியே இருக்கும். புதிய கட்டுரை தாமதமாவது பழைய கட்டுரைகள் அழிவதைவிட மேல் என்பதில் ஆசிரியர்களும் உடன்பட்டார்கள்.

பக்க எண்ணால் வாங்குவதை விட்டு, ‘இந்த ஆவண அடையாளத்துக்கு அடுத்தவை’ என்று வாங்கத் தொடங்கினார்கள். ஸ்ட்ராபி 5இல் வரைவும் வெளியான வடிவமும் வெவ்வேறு வரிசை எண் கொண்டவை. ஆவண அடையாளம்தான் இரண்டுக்கும் பொது. திருத்தினாலும் அது மாறாது, ஆகவே எதுவும் தாவாது. பில்டின் நடுவில் புதிதாக வெளியாகும் கட்டுரை தவறலாம். அதன் வெப்ஹூக் அடுத்த பில்டில் அதைச் சேர்க்கும்.

வாங்கியவற்றில் ஒரே அடையாளம் இருமுறை வந்தால் பில்ட் நிற்கும். சிஎம்எஸ் சொல்லும் மொத்தத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்டு, இரண்டோடும் ஒப்பிடுவார்கள். ஒருமுறை மட்டும் கேட்டால், இடையில் ஒன்று நீங்கி வேறொன்று தவறும்போது கணக்கு தற்செயலாக ஒத்துப்போகக்கூடும்.

கடைசிக் காவல் டிப்ளாய்க்கு முன்னால். இப்போது வாசகர் பார்க்கும் தளத்தின் முகவரிப் பட்டியலையும் புதிய பில்டின் பட்டியலையும் ஒப்பிடும் சிறு நிரல். ஐந்துக்கு மேற்பட்ட முகவரிகள் மறைந்தால் டிப்ளாய் நின்று, மறைந்த முகவரிகளின் பட்டியலோடு மனித ஒப்புதலைக் கேட்கும். மேலே சொன்ன அத்தனையும் தவறினாலும் ஐந்துக்கு மேற்பட்ட இழப்பை இது பிடிக்கும், ஏனென்றால் இது சிஎம்எஸ்ஸை நம்புவதில்லை. 40 வரிதான்.

போகிற போக்கில் இன்னொரு பழுதும் சரியானது. பெயரில் உள்ளடக்கத்துக்கேற்ப மாறும் குறி (கைரேகை) கொண்ட பாணிக் கோப்புகள், அதாவது பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் கோப்புகள், ஒவ்வொரு டிப்ளாயிலும் பழையவை நீங்கிப் புதியவை வந்தன. நெடுநேரம் திறந்திருந்த பக்கங்கள் பழைய கோப்பைக் கேட்டு வெறும் எழுத்தாகத் தெரிந்தன. பழைய கோப்புகளை 30 நாள் விட்டுவைத்தார்கள். உலாவி அவற்றை ஓராண்டு கேஷில் வைத்துக்கொள்ளலாம், எச்டிஎம்எல்லை மட்டும் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்க்க வேண்டும்.

பின்விளைவு

தேடுபொறிகளில் பெரும்பாலான முகவரிகள் ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்தன. அடுத்த ஆறு மாதத்தில் மறுமுயற்சிக்குப் பின்னும் பில்ட் தோற்றது நான்கு முறை. நான்கிலும் வாசகர் எதையும் உணரவில்லை. முகவரி ஒப்பீடு டிப்ளாயை நிறுத்தியது இரண்டு முறை. ஒன்று, இரண்டு பகுப்புகளை இணைத்ததால் 12 பட்டியல் பக்கங்கள் நீங்கியது; சரியான நீக்கம், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்பும் திசைமாற்றம் மட்டும் விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டு ஒப்புதல் தந்தார்கள். மற்றொன்று, சிஎம்எஸ் அனுமதிகளைத் திருத்தியபோது பில்ட் பயன்படுத்தும், படிப்பதற்கான டோக்கனிலிருந்து (அனுமதிச் சாவி) ஒரு வகைக் கட்டுரைகள் தவறுதலாக விலக்கப்பட்டது. அந்த முறை 86 பக்கங்கள் தப்பின.

ஆசிரியர்களின் குறை வேறு. வெளியிட்ட கட்டுரை தளத்தில் தெரிய ஐந்தாறு நிமிடம் ஆகிறது, அதற்குள் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் மறுபடி அதே காத்திருப்பு. வரைவைப் பார்க்கத் தனி முன்னோட்ட சர்வர் மூன்றாம் மாதம்தான் வந்தது. அதே வார்ப்புருக்கள், ஆனால் கோரும்போது உருவாகும் பக்கங்கள், கடவுச்சொல்லுக்குப் பின்னால். வந்தபிறகு ஒரு கட்டுரைக்கு நடக்கும் பில்டுகளே பாதியாகின. பலர் இறுதிப் பக்கத்தைப் பார்ப்பதற்காகவே வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுபடி செய்தால்

முன்னோட்ட சர்வரைத் தளம் மாறும் நாளுக்கு முன்பே வைப்பார்கள். முகவரி ஒப்பீட்டை முதல் டிப்ளாயிலேயே போடுவார்கள். அதன் முதல் வேலை பழைய தளத்தின் 1,140 முகவரிகளும் புதியதில் இருக்கின்றனவா என்று பார்ப்பதாக இருக்கும். அந்தச் சோதனையைக் கையால் செய்ததில் 9 முகவரிகள் விட்டுப்போய், ஒவ்வொன்றாக வாசகர் சொல்லித் தெரிந்தன.

சிஎம்எஸ் சர்வரில் படத்தின் பல அளவுகளை உருவாக்குவதையும் நிறுத்துவார்கள். அளவுகளை ஆஸ்ட்ரோ எப்படியும் மீண்டும் உருவாக்குகிறது. மேலாண்மைத் திரையின் சிறுபடத்துக்கு ஒரு நகல் போதும்.

ஹெட்லெஸ் ஏற்பாடே தேவைதானா என்பதில் நிரலர்கள் இருவருக்கும் இன்றும் ஒத்த கருத்தில்லை. வேர்ட்பிரஸ்ஸை உள்ளே மறைத்து, அதன் ஏபிஐயையே ஆஸ்ட்ரோவுக்குக் கொடுத்திருந்தால் உள்ளடக்க இறக்குமதி முழுவதும் மிச்சமாகியிருக்கும் என்பது ஒருவர் வாதம். 27 ப்ளகின்களும் அப்படியே இருந்திருக்கும் என்பது மற்றவரின் பதில்.